கதைக்கு முன்னால் முப்பது பக்கம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு கொக்கு மீன்களைப் பற்றிக் கதை எழுதி, சொந்தக் காசில் நூறு பிரதி அச்சடித்தது. சந்தையில் கடை போட்டு, காலையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றும் ஒன்றுகூடப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குத்தான்.

பக்கத்தில் நின்ற வெள்ளாடு ஒரு பிரதியைப் புரட்டியது. "முன்னால இதெல்லாம் என்னண்ணே?"

"யானை ஐயாவோட வாழ்த்துரை. அடுத்து ஆந்தையாரோட அணிந்துரை. அப்புறம் என்னுரை, நன்றியுரை."

"யானை ஐயா கதையைப் படிச்சாரா?"

"அவருக்கு ஏது நேரம்?"

"கதை எங்க ஆரம்பிக்குது?"

"முப்பத்தொண்ணாம் பக்கத்துல."

"சரி, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. கடையை நான் பாத்துக்கறேன்."

கொக்கு குளத்துக்குப் போய்த் திரும்பியபோது பாதிப் புத்தகம் விற்றிருந்தது. வாங்கிய முயலும் அணிலும் அங்கேயே நின்று, தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தன. ஆட்டின் வயிறு உப்பியிருந்தது. கொக்கு ஒரு பிரதியைத் திறந்தது. முதல் முப்பது பக்கத்தைக் காணோம். வலையில் மாட்டிய கெண்டையோடு கதை நேராக ஆரம்பித்தது.

"அடிப்பாவி, பெரியவங்க எழுதிக் குடுத்ததெல்லாம் எங்கடி?"

"உள்ளதான் இருக்கு. ரொம்ப வறண்ட சரக்குண்ணே, தண்ணி குடிச்சுத்தான் முழுங்கினேன்."

கொக்கு பாதியாகிவிட்ட அடுக்கைப் பார்த்தது. கோபம் கொஞ்சம் இறங்கியது. "மிச்சமும் வித்தாகணும். இன்னும் எதையாவது எடுக்கணுமா?"

ஆடு புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் கன்னத்தில் இறக்கை வைத்து யோசித்துக்கொண்டிருந்த கொக்கின் படத்தைத் தின்ன ஆரம்பித்தது.