எண்ணெய் போட்ட கை

"ஏன்யா, ஓடற செயின்ல எவனாவது கைய வுடுவானா? உனுக்கு அறிவு கீதா இல்லையா?"

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கட்டிலில் சாய்ந்திருந்த ஸ்டீவனின் வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. கட்டுக்குள்ளே நாலு விரல் இல்லை என்று காலையிலேயே நர்ஸ் சொல்லியிருந்தார்.

"வாய மூடுடி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! செயினுக்கு எண்ண போடறாராம் எண்ண! நேத்து கார்த்தால கூட தண்ணி கேன கால்கிட்ட நிக்க வச்சிக்கினு நல்லாத்தானே ஓட்டிக்கினு வந்த? அந்த வண்டிக்கு இன்னா கேடு வந்துச்சு?" அவன் மனைவி மோனிகா தலையில் அடித்துக்கொண்டாள். "இனிமே சோறு எதால துன்னுவ?"

பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டுக் காலோடு கிடந்த துளசிராமனுக்கு நாக்கு அரித்தது. சோழவரத்தில் இருபத்திரண்டு வருஷமாக டூவீலர் மெக்கானிக். பாதி ஊர் செயின் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறிவிட்டதில், செயினைப் பற்றி அவரிடம் கேட்க ஆளே குறைந்துபோயிருந்தது. ஒன்பது நாளாக ஊசி, மாத்திரை என்று பிறத்தியார் பேசுவதையே கேட்டுக் கிடந்தவர். இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வார்டுக்குள் வந்திருந்தது.

"தம்பி, செண்டர் ஸ்டாண்டு போட்டு, கியரைப் போட்டு, வீல சுத்த வுட்டு, துணிய வச்சு தொடச்சிருப்ப. கரெக்டா?"

ஸ்டீவன் தலைமாட்டில் நின்ற பூவராகவனைப் பார்த்தான். கும்மிடிப்பூண்டியில் ஸ்டீவன் வேலை செய்யும் கம்பெனியின் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் அவர். ஆப்பிள் பையோடு வந்தவர் காலையிலிருந்து கட்டிலை விட்டு நகரவில்லை.

"கரெக்டுங்க. அப்படித்தான் பண்ணிட்டான்" என்றார் பூவராகவன்.

"நெனச்சேன். இன்ஜின ஆஃப் பண்ணணும் தம்பி. நியூட்ரல்ல வச்சு, கையால வீல சுத்தணும். ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரு தபா மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால தேச்சு, காஞ்சதும் உள்பக்கமா எண்ண வுடணும். வழியறத தொடச்சிடு. இல்லன்னா மண்ணு ஒட்டிக்கினு, அரம் போட்ட மாதிரி பல்சக்கரத்த ராவிடும். செயினு ஒரேடியா டைட்டாவும் இருக்கக் கூடாது, ஒரு இன்ச்சு ஆட்டம் இருக்கணும். இத்தப் பண்ணிப்பாரு, செயினும் சக்கரமும் டபுளா வரும்."

"வெரலு வருமா நைனா?" என்றார் எதிர்க்கட்டில்காரர்.

வார்டே சிரித்தது. துளசிராமனும் சிரித்துவிட்டார். மோனிகா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு காவலர் ஒருவர் நோட்டோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கம்பெனி ஆளு வெரல் போய் வந்தா நான் ரெண்டு வாட்டி கேட்டுத்தான் எழுதுவேன். மெஷின்ல போச்சுன்னா உனுக்கு ஆயுசுக்கும் பென்ஷன் வரும். ஊட்ல போச்சுன்னா ஒண்ணும் கெடையாது. நல்லா யோசிச்சு சொல்லு. எங்க போச்சு?"

"ஊட்லதான் சார்." ஸ்டீவன் போர்வையைப் பார்த்துச் சொன்னான்.

"செயின் ஒரு வெரல் எடுக்கும். மிஞ்சினா ரெண்டு. நாலும் ஒரே கோடா போயிருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காரே?" காவலர் பேனாவை மூடினார். "இன்னா வண்டி வச்சிருக்க?"

ஸ்டீவன் வாயைத் திறந்தான். துளசிராமன் முந்திக்கொண்டார்.

"எந்த வண்டியா இருந்தா இன்னா சார்? துணி மாட்டிக்கினா கையையே இழுத்துக்கினு போவும். பல்சக்கரத்துல பல்லு தேஞ்சு கொக்கி மாதிரி வளஞ்சிருந்துச்சுன்னா நாலு வெரலும் ஒரே வெட்டுதான். இருபத்திரெண்டு வருஷமா இதே வேல சார் எனுக்கு. வேணும்னா எம் பேர சாட்சி போட்டுக்கோங்க."

காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். துளசிராமன் முழுக் கையெழுத்துப் போட்டார். டிப்ளமோ படித்த ஸ்டீவன் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தான்.

"ரொம்ப நல்லா எடுத்து சொன்னீங்கண்ணே." பூவராகவன் துளசிராமனின் கையில் ரெண்டு ஆப்பிளை வைத்தார். காலையிலிருந்து நகராத மனுஷர், காவலருக்குப் பின்னாலேயே கிளம்பிப் போனார்.

துளசிராமன் ஆப்பிளைக் கடித்தார். மனசு நிறைந்திருந்தது. இந்தப் பிள்ளை இனி ஜென்மத்துக்கும் ஓடுகிற செயினில் கை வைக்க மாட்டான்.

ஸ்டீவன் கண்ணை மூடியதும் மோனிகா எழுந்து வந்தாள். காலையில் கத்திய குரல் இப்போது பாதியாகியிருந்தது.

"அண்ணா, கம்பெனில இவுரு நின்ன மெஷின்லயே எனுக்கு வேல போட்டுத் தர்றாங்களாம். திங்கக்கெழம வரச் சொல்லிக்கீறாங்க."

"நல்லதும்மா. பெரிய மனசுக்காரங்க."

"நீங்க சொன்னதாலதான் போலீசு நம்புச்சு. ஆனா அந்த போலீஸ்காரரு ஒரு நாளு ஊட்டாண்ட வந்து வண்டிய பாப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. எனுக்கு ஒண்ணும் தெரியாது, சூப்பர்வைசர் சொன்னத அப்படியே கத்திட்டேன்." அவள் குனிந்து அவர் காதருகே கேட்டாள்.

"எங்க ஸ்கூட்டில செயின் எந்தப் பக்கம் கீது, சொல்லுங்கண்ணா?"