ஏழாவது பச்சை விளக்கு

"ரொட்டி மேலயும் உப்பு மேலயும் சத்தியம், லல்லா. இந்த வாயிலிருந்து இன்னிக்கு ஒரு பொய்யும் வராது," என்று நெஞ்சில் கை வைத்தார், ஊரே 'அம் ஹமாதி', அதாவது ஹமாதி மாமா, என்று அழைக்கும் கணினி மெக்கானிக் கிழவர். "உங்க ஏழு கம்ப்யூட்டரும் ஏழு வீட்டுப் பிள்ளைங்க. ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாது."

மஹ்தியா கடற்கரை ஹோட்டலின் முதலாளி ஸகியாவுக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு கோடைக்கும் ஒரு கணினிக்காரன் வந்தான். அவனவனுக்குப் பிடித்த லினக்ஸ் இயங்குதள வகையைப் போட்டுவிட்டுப் போனான். இப்போது புது முன்பதிவு நிரல் 'கன்டெய்னர்' என்கிற மென்பொருள் பொட்டலமாகக் கட்டி வந்திருக்கிறது. அதை இயக்கும் மென்பொருள் ஏழிலும் ஏற வேண்டும். மூன்று மணிக்குத் தொண்ணூறு பேர் பேருந்தில் வருகிறார்கள். அறை கொடுக்க முடியாவிட்டால் எதிர் ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள்.

"மதியச் சாப்பாடு மீன் கூஸ்கூஸ், ஒன்றரைக்குத்தான். அதுவரைக்கும் யாரும் எட்டிப் பாக்காதீங்க," என்று சமையலறையிலிருந்து சமையல்காரன் முன்ஸிஃப் குரல் கொடுத்தான். மணி பதினொன்றே முக்கால்.

"ஏழுல ஆர்ச் லினக்ஸ் இருக்கா?" என்றார் ஹமாதி.

"ஒண்ணு இருக்கு."

"அது தன் பேரை ஊருக்கே சொல்லும், வேலை மட்டும் செய்யாது." ஏழிலும் மென்பொருளை ஏற்றத் தான் எழுதி வந்த நிரலில் ஒரு எண்ணைத் திருத்திவிட்டுப் பொத்தானைத் தட்டினார். "இது முதல்ல 'நீ எந்தக் குடும்பம்'னு கேக்கும். அப்புறம் அந்த வீட்டுப் பேச்சுலயே பேசும்."

வெகுநேரம் கழித்துத் திரையில் முதல் கணினிக்கான பச்சை விளக்கு எரிந்தது.

"ஒண்ணுக்கே கால் மணி நேரமா, அம் ஹமாதி?"

"அது உபுண்டு, லல்லா. அப்பன் டெபியன். அவர்கிட்ட சம்மதம் வாங்க வேண்டாமா?"

நான்காவதற்குள் ஸகியா நகம் கடித்துத் தீர்த்திருந்தாள்.

"இது ஃபெடோரா, ரோஷக்காரப் பிள்ளை. ஒரு துறைமுகத்துல இப்படித்தான் கோவிச்சுக்கிட்டு மூணு நாள் கிரேனை நிறுத்திடுச்சு. நான் கல்யாணப் பாட்டுப் பாடினப்புறம்தான் இறங்கி வந்தது."

"கிரேனா?"

"கிரேன் ஆடவே செஞ்சது."

பதற்றத்தையும் மீறி அவள் சிரித்துவிட்டாள்.

ஒன்றரைக்கு ஏழாவது விளக்கு எரிந்தது. அதே நேரம் முன்ஸிஃப் ஆவி பறக்கும் தாம்பாளத்தோடு வந்தான். ஸகியா பெரிய மீனைத் தன் கையாலேயே கிழவர் பக்கம் நகர்த்தினாள்.

மூன்று மணிக்குப் பேருந்து வந்தது. பத்தே நிமிடத்தில் தொண்ணூறு பேருக்கும் அறை கிடைத்தது.

"உங்க பொறுமை யாருக்கு வரும்? அடுத்த தடவையும் நீங்கதான் வரணும்," என்றாள் ஸகியா.

"வரேன். முன்ஸிஃப் லீவு போடாத நாளாப் பாத்துச் சொல்லுங்க."

ஏழு கணினிகளிலும் வேலை முடிய ஹமாதியின் நிரலுக்கு ஆனது மொத்தம் நான்கு நிமிடம். அவர் திருத்திய அந்த எண், ஒவ்வொரு பச்சை விளக்கும் எரிவதற்கு முன் நிரல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய பதினைந்து நிமிடம்.