பூட்டாத கராஜ்

"இந்த மாசம் மட்டும் உங்க வட்டாரத்துல பதினோரு திருட்டு. அதுல ஒன்பது இடத்துல எதையும் உடைக்கல. கராஜ் கதவு பூட்டாம இருந்திருக்கு. நேரா உள்ள போய் எடுத்துட்டுப் போயிருக்காங்க."

தாளைப் பார்த்துப் படித்தார் கான்ஸ்டபிள் கெர். இளம் பெண். கனடாவின் சட்பரி நகருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

தேவாலயக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஆர்வோ நியெமி எழுந்தார். நிக்கல் சுரங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் இறங்கி ஏறியவர். எழுபத்தைந்து வயதிலும் அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"அந்தப் பதினொண்ணுல ஒண்ணு என் வீடும்மா. கராஜ்ல இருக்குற ஃப்ரீசர்ல இருந்து ரெண்டு பொட்டலம் மூஸ் மான் கறி போச்சு. யாருன்னு கேமராவுலயே இருக்கு."

போனை உயர்த்திக் காட்டினார். படத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஃப்ரீசரைத் திறந்தாள். இரண்டு பொட்டலங்களை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"தெருக்காரங்க குழுவுல போட்டுவிடு ஆர்வோ. முகம் நல்லாத் தெரியுதே" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

"குழுவுல எல்லாம் போடாதீங்க சார்" என்றார் கெர். "புகார் குடுக்கிறதா இருந்தா எங்கிட்ட குடுங்க. வேண்டாம்னாலும் சரி, உங்க இஷ்டம்."

"நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாது. எழுபத்தெட்டுல சுரங்கத்துல வேலைநிறுத்தம். எட்டரை மாசம் ஒருத்தனுக்கும் சம்பளம் இல்ல. அப்பக்கூட இந்தத் தெருவுல யாரும் பூட்டு போட்டதில்ல. ஒரு குண்டூசி காணாமப் போனதில்ல. வயிறு காஞ்சாலும் மானத்தோட இருந்தோம்."

நரைத்த தலைகள் ஆடின.

"யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டுல சூப் குடிக்குதுன்னே தெரியாது" என்றார் ஒரு அம்மாள். கூடமே சிரித்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் திருட்டை மறந்து அந்தக் குளிர்காலத்துக்குள் போய்விட்டார்கள்.

ஆர்வோவுக்குப் பக்கத்தில் இருந்த சோலான்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வருஷத்துப் பக்கத்து வீட்டுக்காரி.

கூட்டம் முடிந்து இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். இரு புறமும் இடுப்பளவு பனி.

"அந்தப் படத்தை விட்டுடேன்" என்றார் சோலான்ஜ்.

"ஏன் விடணும்? வீட்டுக்குப் போனதும் குழுவுல போடப்போறேன். என் ஹெல்வி உயிரோட இருந்திருந்தா அவளும் இதைத்தான் சொல்லியிருப்பா. அந்த எட்டரை மாசமும் ஞாயித்துக்கிழமை தவறாம மூஸ் கறிக் குழம்பு வெச்சாளே, யார்கிட்டயாவது கை நீட்டினாளா? அவ அண்ணன் டிம்மின்ஸ்ல இருந்து பஸ்ல குடுத்தனுப்புவான்."

சோலான்ஜ் நின்றுவிட்டார்.

"உன் பொண்டாட்டி போய் எட்டு வருஷம் ஆச்சு ஆர்வோ. இதைச் சொல்லாமலே நானும் போயிடலாம்னு இருந்தேன். நீ சொல்ல வெச்சுட்ட."

"எதை?"

"அந்தக் கறி பஸ்ல வரல. எங்க கராஜுல இருந்து வந்துச்சு."

ஆர்வோவும் நின்றார்.

"ஒரு சாயங்காலம் சமையலறை ஜன்னல்ல நின்னு பார்த்தேன். ஹெல்வி அப்ப மாசமா இருந்தா. அந்த வயித்தோட ஃப்ரீசருக்குள்ள குனிஞ்சு தேடினா. என் வீட்டுக்காரர் ரெனேகிட்ட சொன்னேன். அடுத்த வாரத்துல இருந்து நல்ல துண்டா பார்த்து மேலாப்புல வெச்சோம், அவ குனிய வேண்டாம்னு."

"உங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா நாப்பது வருஷம் சனிக்கிழமை ஆனா எங்க வாசல்ல ஏலக்காய் ரொட்டி வெச்சா? ஏன்னு நாங்க கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல."

ஆர்வோ கையுறையைக் கழற்றினார். போனை எடுத்து, அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு படத்தை அழித்தார்.

மறுபடி நடக்கத் தொடங்கினார்கள்.

"அப்ப, அந்தக் காலத்துல நீங்க பூட்டாம விட்டது..." என்று இழுத்தார் ஆர்வோ.

"அவளுக்காகத்தான்" என்றார் சோலான்ஜ். "அதுக்கு முன்னாடி வரைக்கும் நாங்களும் தினம் பூட்டிட்டுத்தான் படுப்போம்."