பெயர் எழுதாத சீட்டு

அவர் உள்ளே வந்துவிட்டார்.

ஆலயத்தில் ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, நடைபாதை ஓரம். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலே எல்லாம் தெரிந்தது. கட்டிய கணவரைத் திரும்பிப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

பத்தொன்பது வருடம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, வாசல் பெட்டியில் ஒரு ஜெப விண்ணப்பச் சீட்டு போடுவாள். ஆராதனை நடுவில் போதகர் வாசிப்பார்.

'ஒரு சகோதரியின் கணவர் ஆலயத்துக்கு வரும்படியாக.'

சபை தலைகுனியும். எந்தச் சகோதரி, எந்தக் கணவர் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

அருமைநாயகம் என்று அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. சீட்டில் அது ஒருநாளும் ஏறியதில்லை.

ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். வெளியே வாகை மரத்தடியில் ஸ்கூட்டர்மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆசீர்வாதம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார்.

போதகர்கள் ஐந்து பேர் மாறினார்கள். சீட்டு மாறவில்லை. இப்போதெல்லாம் ஜனவரியிலேயே பன்னிரண்டையும் ஒரே மூச்சில் எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிடுகிறாள்.

இன்றைக்கும் போதகர் வாசித்தார். சபை தலைகுனிந்தது.

கோமதி எழுந்து நின்றாள்.

கோமதி ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆமென் வரவேண்டிய இடத்துக்கு முன்பே ஆமென் சொல்லிவிடுவாள். பக்கத்தில் யாராவது தும்மினாலும் ஸ்தோத்திரம் என்பாள். பாட்டு ஒன்றும் தெரியாது, ஆனால் சபையிலேயே அவள் சத்தம்தான் பெரிது. பெஞ்சுக்குப் பெஞ்சு ஒரு சிரிப்பு ஓடும். இவளும் சிரித்திருக்கிறாள், வாயைப் புடவையால் மூடிக்கொண்டு.

"போதகரய்யா, அந்த அண்ணன் யாரு? இப்பம் எங்க இருக்காவ?"

சபை மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

கோமதி ஜன்னலைப் பார்த்தாள். மரத்தடியைப் பார்த்தாள். செருப்புகூடப் போடாமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.

இவளுக்குக் காது சுட்டது. மானம் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தாள்.

பேச்சு கேட்கவில்லை. அவர் நிமிர்வது தெரிந்தது. சிரிப்பது தெரிந்தது. பேப்பரை நாலாக மடித்தார்.

எழுந்தார்.

அவ்வளவுதான். பாட்டில் ஒரு சரணம் பாடும் நேரம்கூட ஆகவில்லை.

இதோ, உட்கார்ந்திருக்கிறார்.

சந்தோஷப்பட வேண்டும். மனதுக்குள் சந்தோஷத்தைத் துழாவிப் பார்த்தாள். கையில் அகப்பட்டது வேறு.

பொறாமை.

அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. அடுப்பில் வைத்து ஊதி ஊதி இவள் வேகவிட்ட சோற்றை, நேற்று வந்த ஒருத்தி இறக்கிப் பரிமாறிவிட்டாள். ஊரே அவளைப் புகழ்ந்து சாப்பிடப் போகிறது.

ஆண்டவர்மேலும் கோபம் வந்தது. எத்தனை உபவாசம். எத்தனை விடியற்கால ஜெபம். அதெல்லாம் எந்தக் கணக்கில் போயிற்று? ஆமென் எங்கே சொல்வதென்றுகூடத் தெரியாதவளுக்கு மட்டும் இப்படிக் கொடுத்துவிட்டீரே.

கோமதி நடைபாதையைத் தாண்டி எட்டி, அவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் பாட ஆரம்பித்தார்.

அவர் குரல் இவளுக்குத் தெரியும். அவர் பாடினால் எப்படி இருக்கும் என்று தெரியாது. நன்றாகத்தான் இருந்தது. அதைக் கோமதிதான் முதலில் கேட்டாள்.

இவளுக்கு அழுகை வந்தது.

பின் பெஞ்சில் இருந்த ரூபவதி டீச்சர் தோளைத் தட்டி ஸ்தோத்திரம் என்றாள். சுற்றி நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். இவளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீடு திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் ஸ்கூட்டர் நின்றபோது அவளுக்குப் பொறுக்கமுடியவில்லை.

"அவ அப்படி என்னதான் சொன்னா?"

"என்னத்தச் சொன்னா? வெயிலா இருக்கு, உள்ள வாங்கண்ணேன்னா."

"அதுக்கா வந்தீங்க?"

ரயில் வந்தது. நீளமான ரயில். அது போய் முடிகிறவரை அவர் காத்திருந்தார்.

"நீ கூப்பிடுவேன்னு மொதல்ல ரெண்டு மூணு வருசம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

சண்டை போடுகிற குரல் இல்லை. மழை வரும்போல என்று சொல்கிற குரல்.

கேட் திறந்தது.

கூப்பிட்டிருப்பாளே. ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பாள். வழி நெடுக யோசித்தாள். ஆண்டவரிடம் சொன்னது நினைவிருந்தது. ஐந்து போதகர்களிடம் சொன்னது நினைவிருந்தது. மரத்தடியில் போய் நின்றதாக ஒரு ஞாயிறும் நினைவில் இல்லை.

வீடு வந்தது. அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

அவள் வாசலிலேயே நின்றாள். வேதப்புத்தகத்துக்குள் இன்னும் ஏழு சீட்டு இருந்தது.

அவர் நடையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"வெயில்ல ஏன் நிக்க? உள்ள வா."

கோமதி கூப்பிட்டதும் அவர் எழுந்து வந்துவிட்டார். அப்படி எழுந்து வருவதை அவ்வளவு லேசாக நினைத்திருந்தாள்.

ஒரு செருப்பைக் கழற்றினாள்.

மற்றது காலிலேயே இருந்தது.