வாயால் டிங் சொன்ன கம்பி

சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கக் காலையிலிருந்து அல்லாடிக்கொண்டிருந்தது, கம்பிகளைத் திருகி இறுக்கும் கம்பிச் சாவி. தட்டினால் "டிங்" என்கிற கம்பி இறுக்கம், "தொப்" என்கிறது தளர்வு. சாவிக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்.

ஏழாவது கம்பி சுத்தமாகத் தளர்ந்து கிடந்தது. ஆனால் தட்டும்போதெல்லாம் வாயாலேயே "டிங்" என்றது.

"எல்லாரும் சரியாத்தான் இருக்கீங்கடா. அப்புறம் ரிம்மு ஏன் இந்த ஆட்டம் ஆடுது?" என்று சாவி தலையில் அடித்துக்கொண்டது.

"இன்னொரு பள்ளம் வந்தா நான் அப்பளம்தாண்ணே," என்றது ரிம்.

சாவி ஒன்பதாவது கம்பியைப் பிடித்துத் திருகியது.

"அண்ணே, நாலு தடவை ஆச்சு. மறுபடியும் நானா?"

"நீதானேடா சொன்ன பேச்சுக்குத் திரும்புற. வேற யாரைப் போய்க் கேக்கச் சொல்ற?"

அந்தத் திருகலில் ஒன்பதாவது கம்பி பட்டென்று அறுந்தது.

சாவி நொந்துபோய் ஏழாவது கம்பியைத் தட்டியது. "டிங்," என்றது அது, கொஞ்சம் சோகம் கலந்து.

"அப்பாடா, நீயாவது கல்லு மாதிரி நிக்கிற. இனி அவன் பாரமும் உனக்குத்தான்," என்று அதன் கழுத்தைப் பிடித்து முறுக்கியது சாவி.

"கிரீச்" என்று ஒரு சத்தம் கேட்டது. அது மட்டும் வாயால் போட்டதல்ல.