காப்பாற்றப்படும் பூனை

மணிமாறன் பூனைக்குட்டியைச் சாக்கடையிலிருந்து தூக்கி, வெந்நீரில் குளிப்பாட்டி, துண்டில் சுற்றிப் பால் புகட்டும் வீடியோவை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். "உங்களால்தான் அண்ணா ஊருல மழையே பெய்யுது" என்று ஒருவர் எழுதியிருந்தார். "இதப் பார்த்தாதான் எனக்குத் தூக்கமே வருது" என்று ஒரு நர்ஸ். குட்டியைச் சாக்கடையில் இறக்கிவிட்டவனும் மணிமாறன்தான் என்பது, படம்பிடித்த ஜெரால்டுக்கு மட்டுமே தெரியும். அடுத்த வாரம் அதே குட்டிக்குக் கறுப்புச் சாயம் பூசி வேறு பூனையாக்கினார்கள். குளித்து முடிக்கும்வரை பால் கிடையாது. பசித்தால்தான் சப்பும் சத்தம் நன்றாக விழும்.

"பாவம்டா, நடுங்குது" என்றான் மணிமாறன்.

"நடுங்கட்டும் மச்சான். அதுக்குத்தானே ஜனங்க உருகுறாங்க."

மூன்றாவது வீடியோவுக்குப் பிறகு குட்டிக்கு மூச்சுத் திணறியது. கால்நடை மருத்துவர் மணிமாறனை அடையாளம் கண்டு, ஆசையாக ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். "எந்தப் படுபாவி இதைத் தண்ணியில போட்டானோ! இன்னொரு தடவை நனைஞ்சா பொழைக்காது தம்பி. நல்லவேளை, உங்க கையில கிடைச்சுது."

அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தினான். ஜெரால்டிடம் பேச்சையும் நிறுத்தினான். குட்டிக்கு வேளாவேளைக்குப் பால், மருந்து, பழைய சட்டையில் படுக்கை. ஒரு காலையில் அது சாயமெல்லாம் போய் வாசல் வெயிலில் வெள்ளைவெளேரென்று படுத்திருந்தது. யாருக்கும் காட்டாமல் தனக்கென்று ஒரே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, மணிமாறன் போனை உயர்த்தினான். குட்டி எழுந்து சோம்பல் முறித்தது. பிறகு தானாகவே நடந்துபோய்ச் சாக்கடையில் இறங்கி, கழுத்தளவு சேற்றில் நின்றபடி, அவன் முகத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது.