ஒரே வாட்டி போட்டது

ஆண்டு விழா நடனத்துக்கு வெள்ளை கவுன்தான் வேண்டும் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கடைகளில் விலை கட்டுப்படியாகாமல், கோமளா மகளோடு நடைபாதைப் பழந்துணிக் குவியலுக்கு வந்து சேர்ந்தாள். மகள் இழுத்தெடுத்த கவுன் புதுக்கருக்குக் கலையாமல் மின்னியது. முதுகில் மட்டும் நேராக ஒரு வெட்டு.

“ஒரே வாட்டிதான் போட்டது. தைச்சுட்டா தெரியாது” என்றான் கடைக்காரன்.

வேலை பார்க்கும் பிணவறையில், பிணங்களுக்கு உடுத்தும்போது விறைத்த கைகளை நுழைப்பதற்குக் கோமளா அப்படித்தான் வெட்டுவாள். கீழ்மடிப்புக்கு நாலு விரல் முன்னால் கத்தரியை நிறுத்திவிடுவாள். இந்த வெட்டும் அங்கேயே நின்றிருந்தது.

“இது வேணாம்டி.”

“நாளைக்கு விழா. வேற எங்க போறது? மாட்டிவிடும்மா.”

மகள் கண்களை மூடிக்கொண்டு கைகளை நீட்டினாள். கோமளா வழக்கம்போல் இடது கையை முதலில் பிடித்தாள். அது சூடாக இருந்தது.